சீட்டில் பை இருந்தது

பாண்டுரங்கன் மாமா யாருக்காகவும் வண்டியை நிறுத்தி வைத்தவர் இல்லை. ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்சில் வேலைக்குப் போகிறவர்களில் அவரைத் திட்டாதவர்கள் குறைவு. ஸ்டாப்பிங்கில் வண்டி நிற்கும். ஒரு ஹாரன், கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான், கதவு மூடிக்கொள்ளும். அதற்கு மேல் நீங்கள் பஸ்சின் முதுகில் தட்டலாம், பெயர் சொல்லிக் கத்தலாம், சாபம் விடலாம். வண்டி போய்க்கொண்டே இருக்கும். நான் லோகேஷ், அவர் மனைவி மரகதத்தின் தம்பி. அதே பஸ்சில்தான் வருடக்கணக்காக வேலைக்குப் போகிறேன். மச்சினன் என்று எனக்கு ஒரு நாளும் சலுகை கிடைத்ததில்லை.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒருத்தருக்காக நின்றால் பஸ்சில் இருக்கிற அத்தனை பேரும் கேட்டில் லேட். ஷிப்ட் ஆரம்பித்த பிறகு கார்டு தேய்த்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். அதனால் மாமா கறாராக இருந்தார். இருந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அதில் ஒரு பெருமையும் வைத்திருந்தார். அதைத்தான் என்னால் சகிக்க முடியாது.

ஆட்களை எண்ணுவதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. முதல் ஸ்டாப்பிங்கில் ஏறும் பெண்கள் சாப்பாட்டுப் பையை சீட்டில் வைத்து இடம் பிடித்துவிட்டு, கீழே இறங்கி அரட்டை அடிப்பார்கள், பூ வாங்குவார்கள். மாமா கண்ணாடியில் பார்த்து, பை இருக்கிற சீட்டையும் ஒரு தலையாகச் சேர்த்துக்கொள்வார். "பை இருந்தா ஆளு கீது" என்பார். சாப்பாட்டை விட்டுவிட்டு யார் எங்கே போய்விடப் போகிறார்கள்? அந்தக் கணக்கு பஸ்சில் ஒரு நாளும் பொய்த்ததில்லை.

அவருக்கு ஒரே பெண், செந்தாமரை. டிப்ளமோ முடித்துவிட்டு, கார்களுக்கு ஒயரிங் செய்யும் எங்கள் கம்பெனியிலேயே சேர்ந்தாள். அப்பா ஓட்டும் அதே பஸ்தான். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காய்ச்சலில் எழுந்திருக்கத் தாமதமாகி, வல்லக்கோட்டை கூட்ரோட்டில் பஸ் கிளம்பும்போது பாதிப் பின்னலோடு ஓடி வந்தாள். நான் ஜன்னலோரம் இருந்தேன். "மாமா, செந்தாமர வருது" என்று கத்தினேன். மாமா கண்ணாடியைப் பார்த்தார், கதவை மூடினார். அன்று கேன்டீனில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். "பெத்த பொண்ணையே வுட்டுட்டு வந்துட்டாருப்பா" என்று அவர் முதுகில் தட்டினார்கள். மாமா மீசையைத் தடவிக்கொண்டு டீ குடித்தார்.

ரோட்டில் நின்று அழுதுகொண்டிருந்த பெண்ணை பைக்கில் ஏற்றிக் கொண்டு வந்து விட்டவன் ஷிஜோ. எங்கள் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்த மலையாளப் பையன், கிறிஸ்தவன், நல்லவன். பிறகு நடந்தது உங்களுக்கே புரிந்திருக்கும். இரண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு அவன் ஊருக்குப் போய்விட்டார்கள். பஸ்சில் பின் சீட்டுப் பெண்கள் குசுகுசுவென்று பேசியதைக் கேட்டுத்தான் மாமாவுக்கு விஷயமே தெரிந்தது. அன்றும் அவர் வண்டியை நிறுத்தவில்லை. கடைசி ஸ்டாப்பிங் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் எல்லோரையும் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அதோடு மகள் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். அக்கா மட்டும் அவர் இல்லாத நேரம் பார்த்து போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் செந்தாமரைக்கு ஏழாம் மாதம் பிறந்தது. வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள். வேண்டுமென்றேதான் போட்டாள், மாமா எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, என்னிய கூட்டினு போறதா இருந்தா அப்பா வரணும்" என்றாள் செந்தாமரை. "வந்து வண்டிலயே குந்திகினு இருந்தா ஆவாது. எறங்கி வந்து, என் மூஞ்சப் பாத்து, வூட்டுக்கு வாம்மான்னு சொல்லணும். சொல்லலன்னா இங்கயே பெத்துக்கறேன். அதுக்கப்புறம் அந்த வூட்டு வாசப்படிய மிதிக்கவே மாட்டேன்."

மாமா கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தெரிந்த பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் எங்கள் குடும்ப வாட்ஸப்பில் மாமாவின் குரல் வந்து விழுந்தது. பயணத் திட்டம். முதலாளியிடம் வேன் சொல்லியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை விடிகாலையில் கிளம்புகிறோம். சிங்கப்பெருமாள் கோவிலில் மெயின் ரோடு பிடித்து உளுந்தூர்பேட்டை, சேலம், கோயம்புத்தூர், ராத்திரி பாலக்காட்டில் தங்கல். எங்கே டீ, எங்கே டீசல், எங்கே சாப்பாடு, எல்லாம் சொன்னார். மாப்பிள்ளை வீடு வேம்பநாட்டுக் காயலில் ஒரு தீவில் இருந்தது. பாலம் இல்லை. வண்டியை ஜங்காரில்தான் ஏற்ற வேண்டும். ஜங்கார் என்பது இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே தளம் போட்ட மிதவை. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் வளையல் போட்டாக வேண்டும். குரல் அப்படியே ஒரே சீராகப் போய்க் கடைசியில், "வளையல் போட்ட ஒடனே பத்து நிமிஷத்துல வண்டி எடுத்துடுவேன். யாருக்கும் வெயிட் பண்ண மாட்டேன்" என்று முடிந்தது.

"பேசறது யாரு?" என்று அக்கா நேரிலேயே கேட்டாள்.

"நீதான் கீறியே, பேசு. நான் வண்டிய திருப்பி நிறுத்தணும்."

"அவ உன்னதான் பேசச் சொன்னா."

"வரேன்ல? அது போதாதா?"

மனிதருக்குப் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். டாக்டர், பெண் வண்டியில் போகலாம், ஆனால் படுத்துக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். மாமா வேனின் கடைசி சீட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, வாலாஜாபாத் போய் மெத்தை வாங்கி வந்து போட்டிருந்தார். திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் தங்குவதற்கு ரூமும் சொல்லி வைத்திருந்தார். எல்லாம் செய்வார், வாய்தான் திறக்க மாட்டார்.

அக்கா, மாமா, நான், மாமாவின் அக்கா செல்லம்மாள், இன்னும் நாலைந்து சொந்தக்காரர்கள் கிளம்பினோம். செல்லம்மாளுக்குச் சர்க்கரை வியாதி, அடிக்கடி இறங்க வேண்டும். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நின்ற இடத்தில் அவர் ஓட்டலின் பின்பக்கம் போயிருந்தார். மாமா ஒரு ஹாரன் அடித்தார், கண்ணாடியைப் பார்த்தார், வண்டி நகர்ந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம். பெட்ரோல் பங்க் தாண்டித்தான் நின்றது. செல்லம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்து வேனின் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"டேய் பாண்டு, நான் என்ன மூட்டையாடா? வுட்டுட்டுப் போற?"

"சீட்ல பை இருந்துச்சிக்கா."

"பையக் கூட்டினு போய் வளையல் போடு" என்று சொல்லிவிட்டு செல்லம்மாள் ஏறினார். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பாலக்காட்டு லாட்ஜில் மாமா வாளியில் தண்ணீர் பிடித்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் துணியை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"நாளைக்கு இன்னா பேசப் போற மாமா?"

"பேச இன்னா கீது? அவளுக்குத் தெரியும்."

"அவளுக்குத் தெரியாது மாமா. சத்தியமா தெரியாது."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். என் தோளில் ஏறி வல்லக்கோட்டை ஆடிக் கிருத்திகை பார்த்த பெண் அவள். நாளைக்கு இந்த ஆள் வண்டியில் உட்கார்ந்துகொண்டே ஹாரன் அடிக்கப் போகிறார், அவள் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மறுநாள் திட்டமெல்லாம் திருச்சூர் தாண்டியதுமே குழம்பியது. ரோட்டு வேலை. லாரிகளுக்கு நடுவே வேன் நகரவே இல்லை. மாமா வாட்சைப் பார்ப்பார், ஸ்டியரிங்கில் விரலால் தட்டுவார். செல்லம்மாள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி கேட்டார். காலையில் ஆற அமரப் போய்ச் சேர வேண்டிய ஜங்கார் துறைக்கு நாங்கள் போனபோது மணி பதினொன்றேகாலைத் தாண்டிவிட்டது. ஜங்கார் கரையில்தான் நின்றது, கிளம்பப் போகிறது. இதை விட்டால் இது போய்த் திரும்பி வர வேண்டும், அதற்குள் ராகு காலம் பிறந்துவிடும்.

வண்டி மட்டும்தான் ஏறும், ஆட்கள் இறங்கி நடந்துதான் ஏற வேண்டும் என்று துறைக்காரர் சொன்னார். மாமாவின் திட்டத்தில் இது இல்லை. எல்லோரையும் அவசரமாக இறக்கிவிட்டு, அவர் வேனை ரிவர்ஸில் பலகை மேல் ஏற்றினார். நாங்கள் சீர்த் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இடித்துப் பிடித்து ஏறினோம். செல்லம்மாளின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டது நான். அந்த அவசரத்தில் யார் முன்னே, யார் பின்னே என்று பார்க்கவில்லை.

சங்கிலியைக் கையில் பிடித்திருந்த ஆள் மாமாவைப் பார்த்து, "எல்லாரும் கேறியோ?" என்று கேட்டான். ஏறியாச்சா என்கிறான். மாமா பழக்க தோஷத்தில் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். அவருக்குப் பின் சீட்டில் அக்காவின் சிவப்புப் பை இருந்தது. வாட்சைப் பார்த்தார்.

"போலாம், போலாம்" என்று கையை அசைத்தார்.

சங்கிலி விழுந்தது. இன்ஜின் அதிர்ந்தது. கரைக்கும் எங்களுக்கும் நடுவே தண்ணீர் விரிந்த பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன். துறைக்கு எதிரே பூக்கடை வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா! அக்கா ஏறல!"

மாமா கதவைத் திறக்கப் பார்த்தார். பக்கத்தில் ஒரு சரக்கு ஆட்டோ ஒட்டி நின்றதால் கதவு பாதிதான் திறந்தது. தலையை மட்டும் வெளியே நீட்டி, "மரகதம்!" என்று கத்தினார். ஜங்கார்காரனிடம் திருப்பச் சொல்லி நானும் கெஞ்சினேன். வண்டிகள் ஏறிய பிறகு நடுவில் திருப்ப முடியாது என்று கையை விரித்துவிட்டான். அக்காவுக்கு போன் போட்டேன். சீட்டில் இருந்த சிவப்புப் பைக்குள் மணி அடித்தது. போன் அதில்தான் இருந்தது, வளையல்களும் அதில்தான் இருந்தன.

காயலைக் கடக்க கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் கால் மணி நேரமும் மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச வேண்டியவள் அக்கரையில் நிற்கிறாள். பேசாதவர் மகள் இருக்கும் கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவரைப் பார்க்க எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

தீவுத் துறையில் ஷிஜோவும் செந்தாமரையும் தகரக் கொட்டகை நிழலில் நின்றிருந்தார்கள். ஜங்காரை விட்டு முதலில் இறங்கியது எங்கள் வேன்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு செந்தாமரை வேனின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பின்னால் நடந்து வந்த எங்களைப் பார்த்தாள். கடைசியில் அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா எங்க?"

மாமா இறங்கினார். இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. "அக்கரையில நின்னுட்டா."

"நின்னுட்டாளா, வுட்டுட்டியா?"

"வுட்டுட்டேன்" என்றார்.

"என்னிய வுட்ட. இப்ப அம்மாவையுமா?"

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "செந்தாமர, அப்பா பின்னாடி உனக்கு மெத்தயெல்லாம் போட்டு வச்சிருக்காரும்மா" என்றேன்.

"மெத்த பேசுமா மாமா?" என்று கேட்டுவிட்டு அவள் திரும்பினாள். "ஷிஜோ, வூட்டுக்குப் போலாம். அம்மா வந்தா அவங்க மட்டும் வரட்டும்."

செல்லம்மாள் பதறிப்போய் வேனுக்குள் கையை விட்டு சிவப்புப் பையை எடுத்தார். "ஏ பொண்ணே, நில்லு. மணி ஆவுது. அத்த நான் கீறேன்ல, நானே போட்டுடறேன். பன்னண்டுக்குள்ள முடிச்சிடலாம். டேய் பாண்டு, சும்மா நிக்கற?"

மாமா அந்தப் பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"செந்தாமர" என்றார்.

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது. அவள் நின்றாள். திரும்பவில்லை.

"அன்னிக்கு நீ ஓடி வந்தத கண்ணாடில பாத்தேன். பாக்காம கதவ மூடல, பாத்துட்டுதான் மூடனேன். சொந்தப் பொண்ணுக்கு நிறுத்திட்டான்னு நாலு பேர் பேசுவாங்கன்னு மூடனேன். தப்பும்மா." நாங்கள் இத்தனை பேர் நிற்பதையே அவர் மறந்துவிட்டார். "வூட்டுக்கு வாம்மா. உங்கம்மா வர வரிக்கும் நிக்கறேன். நீ கெளம்பற வரிக்கும் நிக்கறேன். எம்மா நேரம் ஆனாலும் வண்டி நிக்கும்."

செந்தாமரை திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர். ஆனால் ஓடி வந்து கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை, அவளும் அவர் பெண்தானே.

"நில்லு" என்றாள். "பாக்கறேன்."

ஷிஜோ பக்கத்துக் கடையிலிருந்து பிளாஸ்டிக் சேர் கொண்டுவந்து போட்டான். அவள் உட்கார்ந்துகொண்டாள். மாமா தண்ணீர் ஓரத்தில், வெயிலில் நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பன்னிரண்டு அடித்தது. ராகு காலம் பிறந்துவிட்டது என்று செல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். மாமா வாட்சைப் பார்க்கவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன், ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் பயந்துகொண்டிருந்தேன். அக்கா அந்தத் துறையில் தனியாக, போன் இல்லாமல், பாஷை தெரியாமல் என்ன பாடு படுகிறாளோ என்று.

ஜங்கார் வந்தது. அக்கா முன்னால் நின்றிருந்தாள், கையில் வாழையிலைப் பொட்டலத்தில் பூ. பாடு பட்டவள் மாதிரியே தெரியவில்லை. நிதானமாக இறங்கி வந்து முதலில் மகளின் கன்னத்தைத் தடவினாள். பிறகு தலையில் பூவை வைத்துவிட்டாள்.

"ஒரு கொரல் கொடுத்திருந்தா நிறுத்தியிருப்பேனே மரகதம்" என்றார் மாமா.

"எதுக்குக் கொரல்? சங்கிலி போடும்போது நான் எதிர்லயேதான் நின்னுகினு இருந்தேன். ரெண்டு எட்டு வச்சிருந்தா ஏறியிருப்பேன்."

"அப்ப ஏன் ஏறல?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நான் ஏறியிருந்தா, நீ வண்டிய வுட்டு எறங்கியிருப்பியா?"

செந்தாமரைதான் அழுகையும் சிரிப்புமாக, "எறங்குனாரும்மா" என்றாள்.

ராகு காலம் முடிந்த பிறகுதான் வளையல் போட்டோம். ஷிஜோவின் அம்மாவுக்கு ராகு காலம் என்றால் என்னவென்று தெரியாது, சோறு ஆறிப்போகிறதே என்ற கவலைதான் அவருக்கு. பத்து நிமிடத்தில் கிளம்புவதாக இருந்தவர்கள் வெயில் தாழ்ந்த பிறகும் கிளம்பவில்லை. மீன் ஊறுகாய், பலாப்பழ வறுவல், பிறக்கப்போகும் குழந்தைக்கு இப்போதே தைத்து வைத்த சட்டை என்று ஒவ்வொன்றாக வந்தன. சம்பந்தியம்மாள் செந்தாமரையை விடவே இல்லை. மாமா வேனில் சாய்ந்து நின்றார். ஹாரன் அடிக்கவில்லை.

ஜங்காரில் செந்தாமரையோடு எல்லோரும் ஏறினோம். சங்கிலிக்காரன் வழக்கம்போல, "எல்லாரும் கேறியோ?" என்றான். மாமா கண்ணாடியைப் பார்க்கவில்லை. சீட்டில் இருந்த சிவப்புப் பையை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு வேனை விட்டு இறங்கி வந்து எங்களை ஒவ்வொருவராக முகம் பார்த்து எண்ணினார். கைப்பிடிக் கம்பி ஓரம் நின்றிருந்த அக்காவிடம் கடைசியாக வந்தார்.

"கீறியா?" என்று கேட்டார்.

"கீறேன். எடு" என்றாள் அக்கா.